வாசலைத் தேடிய கணிப்பொறி

தமிழர் வாழ்வில் வாசலுக்குத் தனியிடம் உண்டு. விருந்தினரை எதிர்கொள்வதும் வாசலில்; பயணம் புறப்படுவோரை வழியனுப்புவதும் வாசலில்; அஞ்சல்காரர் வந்து பெயர் சொல்லி அழைப்பதும் வாசலில். யாம் பிறந்து வளர்ந்த ஊரோ பெயரிலேயே வாசலைக் கொண்டது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில், கண்ணமங்கலத்தைக் கடந்து போளூரை அடையுமுன், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த சந்தவாசல் அது. படவேடு செல்வோர் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் ஊர் என்றால் பலருக்கும் எளிதில் விளங்கும்.

கணிப்பொறி உலகிலும் வாசல் உண்டு. ஒரு கணிப்பொறி தன் வலைப்பின்னலுக்கு அப்பால் எதை அனுப்ப வேண்டினும் அதனை ஒரு குறிப்பிட்ட முகவரியிடம் ஒப்படைக்கிறது. அம்முகவரியைக் 'கேட்வே' என்பர். தமிழில் வாசல் என்றே சொல்லிவிடலாம். அவ்வாசலை அறியாது திகைத்து நின்ற ஒரு கணிப்பொறியைப் பற்றியும், அதன் பொருட்டுத் தம் ஊரையே நொந்துகொண்ட ஒரு மாணவரைப் பற்றியும் இம்மலரில் எழுத விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று எண்ணும் பெரியோர் இறுதிவரை படித்தருள வேண்டுகின்றோம்.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

ஒரே கணிப்பொறியின் உள்ளே மற்றொரு கணிப்பொறி இயங்குவதுபோல் அமைக்கும் முறையினை 'மெய்நிகர் கணிப்பொறி' என்பர். இது நேற்று முளைத்த புதுமையன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பெருங்கணிப்பொறிகளில் இதனைச் செய்து பார்த்தனர்; 1972-இல் வி.எம்.370 என்னும் பெயரில் அதனை விற்பனைக்குரிய பொருளாக அறிவித்தனர். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகெங்கும் இத்தகைய உட்கணிப்பொறிகளில் இயங்கி வருகிறது. 2007 முதல் லினக்ஸின் கருவிலேயே மெய்நிகர் கணிப்பொறிகளை இயக்கும் திறன் 'கே.வி.எம்.' என்னும் பெயரில் சேர்க்கப்பட்டுள்ளது. வீட்டுக் கணிப்பொறியில் பயில்வோர் பெரிதும் நாடுவது 'விர்ச்சுவல் பாக்ஸ்' என்னும் மென்பொருள்.

ஏழை மாணாக்கருக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. தனியே ஒரு பொறி வாங்காமல், இருக்கும் மடிக்கணிப்பொறிக்குள்ளேயே லினக்ஸை நிறுவிப் பழகலாம். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மீண்டும் அமைக்கலாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல ஏழை இல்லங்களில் இக்கல்விக்கு வழி திறந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் லினக்ஸ் இடம் பெற்றுள்ளது. ஆயினும் உட்கணிப்பொறிக்கும் வெளியுலகுக்கும் இடையே தொடர்பு அறுந்துபோனால், புதிதாகப் பயில்வோர் கலங்கிப் போகின்றனர்.

மலையின் மீது பழி

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடப்பில் இருந்தது. கல்லூரிகள் மூடப்பட்டமையால் யாம் எமது ஊரிலேயே தங்கியிருந்தோம். தமிழ் எழுத்துருக்களின் பொருட்டு லினக்ஸில் சில ஆண்டுகள் பழகியவர் என்னும் செய்தி தெருவில் பரவியிருந்தது போலும். ஒருநாள் பிற்பகல், அண்டை வீட்டு நெசவாளரின் மகன் மடிக்கணிப்பொறியோடு வந்தார். அவர் வேறொரு கல்லூரியில் கணினி அறிவியல் பயில்பவர். தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரவேண்டியவர்.

மறுநாள் காலை அவருக்குச் செய்முறைத் தேர்வு. உட்கணிப்பொறியில் லினக்ஸை இயக்கி, இணையத்திலிருந்து ஒரு மென்பொருளை இறக்கி நிறுவி, அதனை ஆசிரியருக்குத் திரையில் காட்ட வேண்டும். கைப்பேசி வழியே மடிக்கணிப்பொறிக்கு இணையம் வந்துகொண்டிருந்தது. ஆனால் உட்கணிப்பொறிக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. இரண்டு நாள் முயன்று சோர்ந்திருந்தார்.

"இந்த மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் படிக்க முடியாது, சார். பேசாமல் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றார்.

தறியில் அமர்வது இழிவன்று. ஆனால் ஓர் ஐயத்தைத் தீர்க்காமலேயே ஒரு வாழ்க்கைப் பாதையைக் கைவிடுவது சரியாகுமா? மடிக்கணிப்பொறி வரை இணையம் வந்துவிட்ட பிறகு, மலை எங்ஙனம் குறுக்கே நிற்கும்? அக்கேள்வியை அவரிடமே வைத்தோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை.

அருகிலிருந்து தொலைவுக்கு

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துத் தந்த முறை. வலைப்பின்னலின் நோய்க்கும் இதுவே முறையாம். இதில் தேடும் திசை இன்றியமையாதது. அருகில் உள்ளதை முதலில் பார்த்து, படிப்படியாகத் தொலைவுக்குச் செல்ல வேண்டும்.

முதற்படி, கணிப்பொறி தன்னைத் தானே அழைத்தல். 127.0.0.1 என்பது எந்தக் கணிப்பொறியும் தன்னையே குறிக்கும் முகவரி. இரண்டாம் படி, தனக்கென ஒரு முகவரி உள்ளதா எனக் காணல். மூன்றாம் படி, வாசலை அழைத்துப் பார்த்தல். நான்காம் படி, வெளியுலகில் உள்ள ஓர் எண்முகவரியை அழைத்தல். ஐந்தாம் படி, எண்ணாக அன்றிப் பெயராகச் சொல்லி அழைத்தல். இவ்வழைப்புக்குப் பயன்படும் சிறு கருவி 'பிங்' எனப்படும். அமெரிக்கரான மைக் மூஸ் என்பார் 1983-இல் இதனை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே இதற்குப் பெயராயிற்று. சில வாயில்கள் பிங் அழைப்புக்கு மறுமொழி தருவதில்லை. ஆதலின் அதன் மௌனத்தை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது.

எந்தப் படியில் மறுமொழி நிற்கிறதோ, அங்கேயே குறையைத் தேட வேண்டும். முதற்படியைப் பாராமல் ஐந்தாம் படியில் நின்று வருந்துவோரே பலர்.

மூன்று பழைய நினைவுகள்

மாணவரையே விசைப்பலகையின் முன் அமர்த்தினோம். தன்னழைப்புக்கு மறுமொழி கிடைத்தது. முகவரியும் இருந்தது. வாசலை அழைத்தபோது மறுமொழி இல்லை. மூன்றாம் படியில் தடை என்று தெளிவாயிற்று.

மெய்நிகர் கணிப்பொறியை வெளியுலகோடு இணைக்கும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. 'பிரிட்ஜ்' என்பது பாலமுறை. உட்கணிப்பொறி, பாலத்தின் வழியே வெளி வலைப்பின்னலில் தனிக் கதவிலக்கம் பெற்ற வீடுபோல் நிற்கும். 'நேட்' என்பது விடுதிக் காப்பாளர் முறை. மாணவர் எழுதும் மடல்கள் எல்லாம் விடுதியின் முகவரியிலேயே வெளியே செல்லும். மறுமொழி வந்ததும் காப்பாளர் உரியவரிடம் சேர்ப்பார். முன்பின் அறியாத வெளியார் ஒருவர் நேரே மாணவரின் அறைக்குள் வர இயலாது.

அம்மாணவர் தம் உட்கணிப்பொறியைக் கல்லூரி ஆய்வகத்தில் அமைத்திருந்தார். ஆங்கே கம்பி வழி இணைப்பு. ஆதலின் பாலமுறையில், மடிக்கணிப்பொறியின் கம்பித்துளையோடு அது பிணைக்கப்பட்டிருந்தது. சந்தவாசலிலோ கம்பி இல்லை. கைப்பேசியின் கம்பியில்லா இணைப்பே இருந்தது. வெறுமையான துளையை நோக்கி உட்கணிப்பொறி இரண்டு நாளாய்க் கூவிக்கொண்டிருந்தது. ஆய்வகத்துக்குப் பொருத்தமாயிருந்த அமைப்பு வீட்டுக்குப் பொருந்தவில்லை என்பதே முதற் காரணம். பாலமுறையை நீக்கி நேட் முறைக்கு மாற்றினார்.

அதன் பின்னும் வாசல் பேசவில்லை. உள்ளே பார்த்தால், ஆய்வகத்தில் கையால் எழுதித் தந்த 192.168 என்று தொடங்கும் முகவரியையே அது இன்னும் தன் முகவரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஊர் மாறிய பின்னும் பழைய கதவிலக்கத்தைச் சொல்பவரை ஒத்த நிலை இது. முகவரியைத் தானே பெற்றுக்கொள்ளும் 'டி.எச்.சி.பி.' முறைக்கு மாற்றியதும், 10.0.2.15 என்னும் புதிய முகவரி தோன்றிற்று. விர்ச்சுவல் பாக்ஸின் நேட் முறையில் உட்கணிப்பொறிக்கு வழக்கமாக வாய்க்கும் முகவரி அது. வாசல் 10.0.2.2. அழைத்தார், மறுமொழி வந்தது. 8.8.8.8 என்னும் வெளியுலக முகவரியையும் அழைத்தார். அங்கிருந்தும் மறுமொழி வந்தது.

அவர் முகம் மலர்ந்தது. எனினும் பெயர் சொல்லி அழைத்தபோது இணையம் மீண்டும் ஊமையாயிற்று. பெயரை எண்ணாக மாற்றித் தரும் 'டி.என்.எஸ்.' என்னும் பணியாளரின் முகவரி 'ரிசால்வ் கான்ஃப்' என்னும் சிறு கோப்பில் இருக்கும். ஆய்வகத்துப் பணியாளரின் முகவரியே அங்கும் எழுதப்பட்டிருந்தது. கல்லூரியில் உள்ளவரை வீட்டிலிருந்து அழைத்தால் எங்ஙனம் கேட்கும்? "இதையும் நானே மாற்றுகிறேன், சார்" என்றார், மாற்றினார். மென்பொருள் இறங்கத் தொடங்கிற்று.

மூன்று குறைகள், மூன்றும் பழைய இடத்தின் நினைவுகள். அவற்றுள் ஒன்றேனும் சவ்வாது மலையால் நேர்ந்ததன்று. மறுநாள் தேர்வை அவர் எழுதி முடித்தார். இப்போது கணினித் துறையிலேயே பணியாற்றி வருகிறார்.

பிற நோய்களும் குறிகளும்

பயிலும் மாணாக்கருக்குப் பயன்படுமாறு மேலும் சில குறிகளை ஈண்டுச் சுட்டுகின்றோம்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்குவோர் எவரும் மறுமொழி தரவில்லை என்று பொருள். பாலம் பிணைந்துள்ள இடத்தையும், அமைப்புத் திரையில் இணைப்புக் கம்பி பொருத்தப்பட்டதாகக் குறியிடப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு மெய்நிகர் கணிப்பொறியைப் படியெடுத்து இரண்டாக்கினால், இரண்டும் ஒரே 'மேக்' அடையாள எண்ணோடு பிறக்கக் கூடும். ஒரே வலைப்பின்னலில் இரண்டும் நின்றால், ஒன்றுக்கு வரும் மடல் மற்றொன்றுக்குப் போகும். இணைப்பு விட்டுவிட்டு அறும். படியெடுக்கும்போதே புதிய எண் தருமாறு பணித்தல் வேண்டும்.

பழைய நூல்களில் வலைப்பின்னல் அட்டையின் பெயர் 'ஈத்0' என்றிருக்கும். 2013-க்குப் பின் வந்த லினக்ஸ் வகைகள் பலவற்றில் 'ஈஎன்பி0எஸ்3' போன்ற பெயர்கள் வழங்குகின்றன. பழைய பெயருக்கு எழுதிய கட்டளை புதிய அட்டையைச் சென்று சேராது.

சிறு செய்திகள் செல்கின்றன, பெரிய பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், 'எம்.டி.யூ.' எனப்படும் பொதியின் அளவை ஐயுறலாம். வழக்கமான அளவு 1500. இடையில் உள்ள பாதை அதனினும் குறுகியதாக இருந்தால் பெரும் பொதிகள் வழியிலேயே நின்றுவிடும்.

நேட் முறையில் உள்ள உட்கணிப்பொறியை வெளியிலிருந்து காண வேண்டுமாயின், காப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுபோல், வெளி எண் ஒன்றை உள் எண்ணோடு இணைத்து வைக்க வேண்டும். வெளியே 8080, உள்ளே 80 என்பது பலரும் கையாளும் இணை.

மலை தடையன்று

அலைவரிசை உண்மையாகவே எட்டாத மலைச்சிற்றூர்கள் இருந்தன என்பதை யாம் மறுக்கவில்லை. ஊரடங்குக் காலத்தில் பாடம் கேட்பதற்காக மாணாக்கர் பாறை மீதும் மரத்தின் மீதும் ஏறியமையை நாளேடுகள் எழுதின. அத்தகைய குறையைக் கேட்டுப் பெறுவதற்கும் இப்படிமுறையே துணை செய்யும். என் பொறி நலமாக உள்ளது, என் வாசல் நலமாக உள்ளது, அதற்கப்பால்தான் தடை என்று சான்றோடு எழுதும் விண்ணப்பத்தை எவரும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆனால் ஆராயாமல் ஊரின் மீது பழி போடுவது மாணாக்கரின் ஊக்கத்தையே கொன்றுவிடும். அதே சவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் அமைந்துள்ளது. 1986-இல் தொடங்கி வைக்கப்பட்டு, வைணு பாப்பு பெயரைத் தாங்கிய பெருந்தொலைநோக்கி அங்கிருந்தே விண்மீன்களை நோக்குகிறது. 1988-இல் அவ்வாய்வகத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருளை நாடியே அறிஞர்கள் அம்மலையைத் தெரிந்தெடுத்தனர். ஒருவர் குறை என்று எண்ணிய தனிமையே மற்றொருவருக்கு வாய்ப்பாயிற்று.

ஆசிரியப் பெருமக்கள் ஒன்று செய்யலாம். ஆய்வகத்தில் ஓர் அமைப்பைச் செய்து காட்டும்போது, அது எந்த இடத்துக்குரியது, இடம் மாறினால் எதனை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தருதல் நன்று. ஊர்ப் பெரியோரும் ஒன்று செய்யலாம். ஒரு பிள்ளை சோர்ந்து வந்து, இது நமக்கு ஆகாது என்று சொல்லும்போது, ஆம் என்று தலையசைக்காமல், எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று ஒரு கேள்வி கேட்டல் போதும். கணிப்பொறி அறியாதவரும் அக்கேள்வியைக் கேட்கலாம்.

மாணாக்கர்காள்! உங்கள் ஊரின் பெயர் எதுவாயினும் ஆகுக. அங்கிருந்து உலகுக்குச் செல்லும் வாசல் ஒன்று உண்டு. அது மூடியிருப்பதாகத் தோன்றினால், முதலில் உங்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளதை ஆராயுங்கள். பின்னர் ஒவ்வொரு படியாக மேலே செல்லுங்கள்.