அண்ணன் கையும் ரேஸ் ஸ்பிரிங்கும்

வண்டிக்கு கிளட்ச் பிளேட் மாத்தப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்... மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தன் சொதப்பின கதையைக் கேட்டுட்டு, அப்புறம் கடைக்குப் போங்க.

எங்க வீடு மீஞ்சூர். அண்ணன் தினமும் விடியறதுக்கு முன்னாடி பழவேற்காடு பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போய், இறாலும் நண்டும் எடுத்துட்டு வந்து மீஞ்சூர்ல விற்பார். வண்டி, செகண்ட் ஹேண்ட் ஹீரோ இம்பல்ஸ். 2011-ல வந்து, சில வருஷத்துலேயே நிறுத்தப்பட்ட மண்ரோட்டு வண்டி. பின்னாடி ரெண்டு ஐஸ் பெட்டி கட்டி மணல்ல இறங்கினா, பாதி தூரம் ஹாஃப் கிளட்ச்தான்.

ஒருநாள் மணல்ல இன்ஜின் கத்துது, வண்டி நகரலை. கருகின வாசனை வேற. உருட்டிக்கிட்டே ரோட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சு, இறால் பாதி விலைக்குப் போச்சு. வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. இன்ஜினீயராச்சே!

மறுநாள் சென்ட்ரலுக்கு ரயில் பிடிச்சு, புதுப்பேட்டை போனேன். "இம்பல்ஸா? ஹங்க் இன்ஜின்தானே தம்பி" என்றார் கடைக்காரர். உண்மைதான், ரெண்டும் ஒரே இன்ஜின் குடும்பம். ஆனாலும் பழைய பிளேட்டைக் கையோட கொண்டுபோய், காதை எண்ணி, விட்டத்தையும் தடிமனையும் ஒத்துப் பார்த்துதான் வாங்கினேன். இதுவரைக்கும் நான் சமர்த்து.

அப்புறம்தான் ஆசை வந்தது. அழுத்தம் கூடுதலான 'ரேஸ்' ஸ்பிரிங் செட் ஒண்ணு கண்ணுல பட்டது. எங்க பக்கத்து சோழவரம், ஒரு காலத்துல விமான ஓடுதளத்துலயே ரேஸ் ஓடின ஊராச்சே, ரத்தம் சும்மா இருக்குமா? இருந்த காசுல பிரிக்‌ஷன் பிளேட்டும் அந்த ஸ்பிரிங்கும் வாங்கிட்டு, ஸ்டீல் பிளேட்டை அப்படியே விட்டுட்டேன். மாட்டினதும் ஸ்லிப் போயே போச்சு. காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

நாலாவது நாள் டீக்கடையில பார்த்தேன். அண்ணன் டம்ளரை இடது கையில வாங்கி, சட்டுனு வலது கைக்கு மாத்தினார். விரலெல்லாம் வீங்கியிருந்தது. "என்னண்ணா?"ன்னேன். "ஒண்ணுமில்லடா, லீவர் கொஞ்சம் டைட்டு. பழகிடும்"னார். அந்த லீவரை மணல்ல எத்தனை தடவை பிடிச்சிருப்பார்னு யோசிச்சேன். எனக்கு டீ இறங்கலை.

வண்டியை மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா ஆயில் ஊத்துன?" கார் வெச்சிருக்கிற நண்பன் வீட்டுல மிச்சமிருந்த ஆயில். ஓசிதானேன்னு நான்தான் ஊத்தினேன். நம்ம பைக் கிளட்ச் ஆயில்லயே ஊறிக் கிடக்கிறது. கார் ஆயில் பலதுல உராய்வைக் குறைக்கிற சரக்கு கலந்திருக்கும். அதான் பைக் ஆயில் டப்பாவுல 'ஜாஸோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ.2' இருக்கான்னு பார்க்கணும்.

கிளட்ச் எவ்வளவு இழுவையைத் தாங்கும்ங்கிறது உராய்வு, ஸ்பிரிங் அழுத்தம், பிளேட்டோட அளவு, எண்ணிக்கை எல்லாம் சேர்ந்த கணக்கு. செமஸ்டர்ல நான் முழு மார்க் வாங்கின கணக்கு அது! ஆயிலால மியூவைக் குறைச்சதும் நான்தான், அதை ஈடுகட்ட அழுத்தத்தை ஏத்தினதும் நான்தான். ஏத்தின பாரம் பூரா அண்ணன் விரல்ல.

பிரிச்சுப் பார்த்தா ஸ்டீல் பிளேட் சூட்டுல நீலம் பாய்ஞ்சிருக்கு. கண்ணாடி மேல வெச்சா ஒண்ணு ஆடுது. கிளட்ச் பெல்லுல, பிளேட்டோட காது உரசுற இடத்துல லேசான பள்ளம். ஆழமா இருந்தா பெல்லையே மாத்தணுமாம், தப்பிச்சோம். கிளட்ச் கேபிளை உருவினார். உப்புக்காத்துல உள்கம்பி துருப்பிடிச்சு, உறைக்குள்ள நகரவே மாட்டேங்குது. இருக்கிறதுலயே விலை கம்மியான சாமான். அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கலை!

இந்தத் தடவை கம்பெனி செட்டா பிரிக்‌ஷன் பிளேட், ஸ்டீல் பிளேட், சாதா ஸ்பிரிங், புது கேபிள். புது பிளேட்டை ராத்திரி முழுக்க ஆயில்ல ஊறவெச்சு மாட்டினோம். லீவர் நுனியில ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு ஆட்டம் விட்டோம். அது இல்லாம இறுக்கிவெச்சா புது பிளேட்டும் வழுக்கும். பிரிக்கிறதுக்கு முன்னாடியே பார்க்க வேண்டியது அது, ஓசியிலேயே பார்க்கலாம்.

காலையில அண்ணன் ரெண்டு விரலால லீவரைப் பிடிச்சுப் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்துட்டு, பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

ரேஸ் ஸ்பிரிங் செட் என் மேஜையில சும்மாதான் கிடக்கு. நிஜமாவே ரேஸுக்குப் போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பாதி விலை.