ஊரை விட்டு வந்தோர் ஆக்கிய ஊர்

பிள்ளை வளர்ப்பு என்பது தாய், தந்தை என்னும் இருவரால் மாத்திரம் நிறைவேறும் காரியம் என்று நம் முன்னோர் ஒருபோதும் எண்ணினாரல்லர். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்த குழந்தைக்கு அம்மம்மாவின் மடி ஒன்று, அப்பாச்சியின் மடி மற்றொன்று. வளவுக்கும் வளவுக்கும் இடையே வேலி உண்டு. அவ்வேலியிலே ஒரு பொட்டும் உண்டு. தாய் கிணற்றடியில் இருக்கும்போது பிள்ளை அப்பொட்டினால் நுழைந்து, அயல் வீட்டுக் குசினியிலே பசியாறித் திரும்பிவிடும். மாலையிலே சனசமூக நிலையத்துத் திண்ணையில் பத்திரிகை வாசிக்கும் பெரியோரின் கண்முன்னே சிறுவர் ஓடி விளையாடுவர். இவற்றுக்கெல்லாம் சம்பளம் இல்லை, கணக்கேடும் இல்லை. அந்தப் பொட்டு எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடுதல் தகாது. சாதி என்னும் வேலியிலே பொட்டு வைத்தார் மிகச் சிலரே. ஆயினும், ஒரு பிள்ளைக்குப் பல வீடுகள் வேண்டும் என்ற அறிவு அக்கிராமத்திடம் இருந்தது.

நகரத்திலே அந்த வேலியும் இல்லை, பொட்டும் இல்லை. நாம் குடியிருக்கும் வெள்ளவத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே தனி வீடுகள் இருந்த இடமெங்கும் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. ஒரு சுவருக்கு அப்பால் வாழ்பவரின் பெயர் தெரியாமலே ஆண்டுகள் கழிகின்றன. கடற்காற்று வருகிறது, ஆனால் கடற்கரைக்குச் செல்ல மரைன் டிரைவ் வீதியையும் அதனை அடுத்த புகையிரதப் பாதையையும் கடக்கவேண்டும். ஆதலால் சிறு பிள்ளையைத் தனியே விட முடியாது. போர்க்காலத்திலே வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இங்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. அவர்களுடைய உற்றார் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிதறிக் கிடக்கின்றனர். பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் அம்மம்மா இன்று கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள்ளேதான் தோன்றுகிறார். கதை சொல்ல அவரால் முடியும். காய்ச்சல் காயும் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது.

இந்நிலையிலேதான் எமது பெற்றோர் வட்டம் 2016 ஆம் ஆண்டிலே தொடங்கியது. 'நாம்' என்று இக்கட்டுரையிற் குறிப்பது கணவன், மனைவி ஆகிய எம் இருவரையும் எம்மோடு சேர்ந்த அயலவரையுமேயாம். எமது மாடியிலே ஓர் இளம் தாய் பிள்ளை பெற்று வந்திருந்தாள். கணவனுக்கு மத்திய கிழக்கிலே வேலை, தாயார் காலமாகிவிட்டார். இரவெல்லாம் குழந்தை அழுவது கேட்டும், 'அந்நியர் வீட்டிலே எப்படி நுழைவது' என்று அனைவரும் தயங்கினர். மூன்றாம் நாள் மேல்மாடியில் இருந்த அக்கா ஒருவர் சரக்குக் கறியும் சோறும் எடுத்துச் சென்று கதவைத் தட்டினார். நாலாம் நாள் நாம் சென்றோம். அவ்வாரத்துக்குள் ஏழு வீட்டார் முறை வைத்துக்கொண்டனர். சங்கம் அமைப்போம் என்ற எண்ணம் எவருக்கும் அன்று இருந்ததில்லை. சமையல் முறைப் பட்டியலே எமது முதலாவது ஆவணமாயிற்று.

அதிலிருந்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. பிள்ளைப்பேற்று வீட்டுக்கு இருபது நாட்களுக்கு உணவு; சனிக்கிழமை காலையிலே மண்டபமொன்றில் சிறுவர் கூடி விளையாடுதல்; வருட முடிவிலே பாடநூல்களையும் அளவு குறுகிய சப்பாத்துகளையும் கைமாற்றுதல்; குடும்பநல மருத்துவமாது ஒருவரை அழைத்துத் தாய்ப்பால், தடுப்பூசி ஆகியன பற்றிப் பேசச் செய்தல். தமிழர் வீடுகளோடு சிங்கள வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் சேர்ந்தன. பெரியவர்கள் மூன்று மொழிகளில் தடுமாறியபோது பிள்ளைகள் ஒரே பந்தின் பின்னே ஓடினார்கள். ஊர் வேலியிலே காணாத பொட்டு ஒன்று இங்கே திறந்தது என்பதில் எமக்குப் பெருமை உண்டு.

ஆனால் நல்லெண்ணம் ஒன்றினால் மாத்திரம் மண்டபம் கிடைத்துவிடாது. பிள்ளைகள் சுவரை அழுக்காக்குவர் என்று சொல்லி ஓரிடத்தார் கதவை அடைத்தனர். வேறோரிடத்தார் வாடகை கேட்டனர். வாடகைக்குச் சந்தா வேண்டும். சந்தாவுக்குத் தனாதிகாரி வேண்டும். தனாதிகாரிக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தையும், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தையும் பிள்ளைகள் உறங்கிய பின்னர் மேசையிலே விரித்து வைத்துப் படித்தோம். இலாப நோக்கற்ற அமைப்பு என்பதன் பொருள் பணமே சேர்க்கலாகாது என்பதன்று. மிஞ்சியதை அங்கத்தவர் தமக்குள் பங்கிடலாகாது என்பதேயாம். அதனை முதலிலேயே எழுதிவைத்தோம். மாதந்தோறும் வரவு செலவை மண்டபச் சுவரில் ஒட்டுவது வழக்கமாயிற்று. பத்து ரூபாவுக்கும் விளக்கம் இருந்தால் நூறு ரூபா கேட்கும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை.

வட்டத்தின் மெய்யான பெறுமதியை 2022 ஆம் ஆண்டு எமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மின்தூக்கி நின்றது, நீரிறைக்கும் மோட்டார் நின்றது, ஆறாம் மாடிக்குக் குடத்திலே தண்ணீர் சுமந்தோம். பால்மா கிடைக்கவில்லை. எரிவாயுச் சிலிண்டருக்காக விடியுமுன்னரே வரிசையில் நின்றோம். ஜூன் மாதத்திலே எரிபொருள் இன்மையாற் பாடசாலைகளும் மூடப்பட்டன. மாடி வீட்டிலே விறகு மூட்ட இயலாது. ஒழுங்கையின் முனையில் எஞ்சியிருந்த பழைய வீட்டின் பின்முற்றத்தை அதன் உரிமையாளர் திறந்துவிட்டார். அங்கே கல் மூன்று வைத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே அடுப்பில் சோறு வெந்தது. பால்மா அகப்பட்டவர் முதலில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அளந்தார். ஆசிரியர் வேலை பார்த்த தாய்மார் இருவர் வகுப்புப் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் மாமர நிழலிலே இருத்திப் படிப்பித்தனர். முன்பின் அறியாதவர்களாக நாம் இருந்திருந்தால், அந்நாட்களில் யாரிடம் சென்று ஒரு பேணி பால்மா கேட்டிருப்போம்?

பெற்றோர் கூடிக் காரியம் செய்வது எமது கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்திலே பாலர் பள்ளிகள் பெருகாதிருந்த காலத்தில், இலண்டனிலே வாழ்ந்த பெல் ருட்டாயேவ் என்னும் தாய் 1961 ஆம் ஆண்டு 'கார்டியன்' பத்திரிகைக்குக் கடிதமொன்று எழுதினார். அரசாங்கம் செய்யும்வரை காத்திராமல் தாய்மாரே கூடி விளையாட்டுக் குழுக்களை நடத்தலாம் என்பது அவர் காட்டிய வழி. மறுமொழிகள் குவிந்தன, அடுத்த ஆண்டிலே சங்கம் உருவாயிற்று. பின்னர் தேவாலய மண்டபங்களிலும் பொது மண்டபங்களிலும் ஆயிரக்கணக்கான குழுக்கள் நடைபெற்றன. ஒல்லாந்து தேசத்திலே 1971 ஆம் ஆண்டு மாத்திரம் 400க்கும் மேற்பட்ட சிறுவர் வீதி விபத்துகளில் மாண்டனர். மறு ஆண்டிலே 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரோடு பெற்றோர் இயக்கம் ஒன்று அங்கே எழுந்தது. அந்நாட்டிலே 'வூனேர்வ்' எனப்படும் வீதிகள் 1976 இல் சட்டத்தில் இடம் பெற்றன. அவ்வீதிகளில் வாகனம் நடைவேகத்திலேயே செல்லவேண்டும், பிள்ளைகள் விளையாடலாம். அச்சொல்லின் பொருள் குடியிருப்பு வளவு என்பதாம். எமது வளவை அவர்கள் வீதியிலே கண்டார்கள் போலும்! பிறிஸ்ரல் நகரத்திலே 2009 ஆம் ஆண்டு அயலவரான தாய்மார் இருவர் தமது தெருவைச் சில மணி நேரம் வாகனங்களுக்கு அடைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டனர். அம்முயற்சி வளர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களுக்குப் பரவியது.

எமது நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பிலே வைத்தியத் தொண்டு புரிந்த டாக்டர் மேரி இரட்ணம் அம்மையார் 1930 ஆம் ஆண்டிலே இலங்கை மகளிர் சமித்தியைத் தோற்றுவித்தார். சுகாதாரம், குழந்தைப் பராமரிப்பு, வீட்டுக் கைத்தொழில் ஆகியவற்றைக் கிராமத்துப் பெண்கள் தாமே கூடிக் கற்று, தமது சமித்தியைத் தாமே நடத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை. 1958 ஆம் ஆண்டு அம்மையாருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கிராமத்துக்குச் சொன்ன அந்தப் பாடம் தொடர்மாடிக்கும் பொருந்தும் என்று நாம் கருதுகிறோம்.

இனி, இத்தகைய தொண்டிலுள்ள பெரிய இடர்ப்பாட்டைச் சொல்லவேண்டும். பெற்றோர் நடத்தும் அமைப்புக்கு ஆயுள் குறைவு. பிள்ளை மழலை பேசும் வரையிலே தாய்க்கு வட்டம் தேவை. பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும்போது அவள் மறைந்துபோகிறாள். எஞ்சிய நாலைந்து பேரின் தோளிலே எல்லாச் சுமையும் விழுகிறது. அந்நாலைந்து பேரும் பெரும்பாலும் பெண்களே. கந்தோரிலும் வேலை, வீட்டிலும் வேலை, வட்டத்திலும் வேலை என்றால் அவர்கள் எவ்வளவு காலம் தாங்குவர்? குடும்பங்களுக்கு உதவ எழுந்த சங்கம் ஒன்று, அதை நடத்துவோரின் குடும்பத்தையே வருத்துமானால், அதைவிட முரண் வேறில்லை. இங்கிலாந்திலும், தாய்மார் பலர் வேலைக்குச் செல்லத் தொடங்கியபின் அவ்விளையாட்டுக் குழுக்கள் பல மூடப்பட்டன. வேறு சில சம்பளம் பெறுவோர் நடத்தும் முழுநாள் நிலையங்களாக மாறின.

எமக்கும் அந்த நாள் வந்தது. சென்ற வருடாந்தப் பொதுக் கூட்டத்திலே காரியதரிசிப் பதவிக்குப் பெயர் கேட்டபோது ஒருவரும் கை உயர்த்தவில்லை. நீண்ட மௌனத்தின்பின், "சந்தாவைக் கூட்டிச் சம்பளத்துக்கு ஒருவரை வைப்போம்" என்றார் ஒரு தந்தையார். வட்டத்தையே மூடிவிடலாம் என்றனர் சிலர். அப்போது இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் எழுந்து, "தம்பி, சம்பளத்துக்கு ஆள் வைத்தால் வேலை நடக்கும். ஆனால் அடுத்த வீட்டுக் கதவை அந்த ஆள்தான் தட்டுவார், நாங்கள் தட்டமாட்டோம்" என்றார். அச்சொல் கூட்டத்தின் போக்கை மாற்றியது.

அன்றிரவு பத்து மணிவரை இருந்து சில முடிவுகள் செய்தோம். எவரும் இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஒரே பதவியை வகித்தலாகாது. ஒவ்வொரு பதவியினருக்கும் ஒரு துணைவர் இருத்தல் வேண்டும். மறுமுறை அவரே பொறுப்பேற்பார். காரியதரிசியின் வேலையைக் கடிதம், மண்டபம், உணவு முறை என மூன்றாகப் பிரித்தோம். ஒரு வீட்டிலே தாய் சபையில் இருந்தால், சனிக்கிழமை மண்டபத்துக்குத் தந்தையே வரவேண்டும். கணக்குகளைச் சரிபார்ப்பதற்கு மாத்திரம் கூலி கொடுத்து ஒருவரை அமர்த்துவது என்றும் தீர்மானித்தோம். இவ்வளவும் ஆனபின், ஓராண்டுக்கு முன்னர் வந்து ஒருபோதும் வாய் திறவாதிருந்த தந்தை ஒருவர், "எனக்குக் கடிதம் எழுத வராது, மண்டபம் பார்க்க வரும்" என்று தொடங்கினார். மற்றைய இரு பங்குகளுக்கும் உடனே ஆட்கள் கிடைத்தனர். சுமை பெரிதென்று அஞ்சி நின்றவர்கள், தாம் தூக்கக்கூடிய அளவைக் கண்டதும் முன்வந்தனர்.

இம்முடிவுகள் நிலைக்குமா என்பதைக் காலமே காட்டும். ஆயினும் கண்கண்ட பயன்கள் சில உண்டு. பலர் முன்னிலையிலே பேச நாணிய தாய்மார் இன்று கூட்டம் நடத்துகின்றனர். பிள்ளைக்குச் சட்டை மாற்றவும் அறியாதிருந்த தந்தையர் பத்துப் பிள்ளைகளை ஒருங்கே மேய்க்கின்றனர். பெற்றோர் ஊதியமின்றி உழைப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்கின்றனர். ஆயிரம் நீதிக் கதைகளிலும் அது வலிய பாடம்.

இப்பகுதியை வாசிக்கும் மாணவ மாணவியருக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமைகளிலே ஒரு மணி நேரம் உங்கள் மாடியிலுள்ள சிறுவருக்குக் கதை சொல்லவோ, பந்து எறியவோ நீங்கள் முன்வந்தால், களைத்த தாயொருத்திக்கு அந்த ஒரு மணி நேரம் ஓய்வாகும். பெற்றோர்களே, சங்கமும் யாப்பும் பின்னர் வரட்டும். உங்கள் சுவருக்கு அப்பால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தால், இன்று சமைத்ததில் ஒரு கிண்ணம் எடுத்துச் சென்று கதவைத் தட்டுங்கள். பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். ஏனையவை தாமாகத் தொடரும்.