நீல மலை

என் அண்ணன் மகள், கைக்கணினியில் தான் முதன்முதலாகத் தீட்டிய இயற்கைக் காட்சியை என்னிடம் காட்டினாள். எங்கள் ஊராகிய தென்காசியின் வயல்களும், அவற்றின் பின்னே குற்றால மலையும் அதில் இருந்தன. வயலும் மலையும் ஒரே கரும்பச்சை. ஆதலால் மலை வயலின்மீது சாய்வதுபோல் தோன்றிற்று. அக்குறையைச் சொல்ல வாயெடுத்தேன்.

அப்பொழுது பழைய நினைவு ஒன்று எழுந்தது. என் பன்னிரண்டாம் வயதில் நான் வரைந்த படத்தைக் கண்ட பெரியவர் ஒருவர், "இது மலையா, மண்மேடா?" என்று நகைத்தார். அன்று வைத்த தூரிகையை நான் பின்னர் எடுக்கவேயில்லை.

ஆகவே, நெற்பயிர் காற்றில் சாய்வதை அவள் நன்கு தீட்டியிருந்ததை முதலில் பாராட்டினேன். பின்பு மாடிக்கு அழைத்துச் சென்று, "அந்த மலை என்ன நிறம், அம்மா?" என்றேன். உற்று நோக்கியவள், "நீலம், சித்தப்பா!" என்று வியந்தாள். காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதே அதற்குக் காரணம். தொலைமலைகளின் இந்நிறத்தை, 1519-இல் மறைந்த ஓவியர் லியொனார்டோ டா வின்சியும் தம் குறிப்பேடுகளில் எழுதியுள்ளார்.

மலையை அவள் தனி அடுக்கில் தீட்டியிருந்தாள். ஆதலால், வயலைத் தொடாமலே அதனை வெளிறிய நீலமாக்கினாள். மலை தொலைவில் சென்று நின்றது.

கற்போரிடம் குறை கூறுதல் தவறன்று. அதனை அவர்கள் தம் கண்ணாலேயே காணுமாறு கூறுதல் வேண்டும். மறுநாள் நானும் ஒரு தூரிகை வாங்கினேன்.