கையெழுத்தை நீயே போடு

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி, மாத்திரையும் சாப்பிட மாட்டேன் என்கிறார்.

பாப்பாவின் சுற்றுலா படிவத்தில் உன் கையெழுத்து செல்லாது என்று பள்ளிக்கூட கிளார்க் சொன்னாரே, அதைப் பற்றித்தான். “பெத்தவங்களும் இல்ல, தத்து எடுத்தவங்களும் இல்ல, அப்போ நீங்க யாரு?” என்று கேட்டாராமே. போனில் சட்டம் பேசினால் உனக்குப் பாதி மறந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ யார் என்று 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. 44-ஆவது பிரிவு. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, தத்தெடுக்காமல் பிள்ளையை வளர்க்கிற உன்னைப் போன்ற குடும்பம்தான் அதன் படிப்புக்கும் உடல்நலத்துக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பு. பொறுப்பை உன் தலையில் வைத்துவிட்டு, சுற்றுலா படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே என்றால் என்ன நியாயம்? அதே சட்டத்தின் 2(31)-ஐயும் பார். பிள்ளை நிஜமாக யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரைக் குழு பாதுகாவலராக ஏற்கலாம். உன் ஆணையில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று தேடு. இல்லாவிட்டால் எழுதித்தரச் சொல்லி மனு கொடு.

ஆஸ்பத்திரிக்கும் தயங்காதே. பாப்பாவுக்குப் பன்னிரண்டு ஆகவில்லை. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாதுகாவலரோ, சட்டப்படி பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ சம்மதித்தால் டாக்டர் நல்லெண்ணத்தோடு வைத்தியம் பார்க்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் 89, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 27-ஆவது பிரிவு. காய்ச்சல், தடுப்பூசி, பல்வலிக்கெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டாம். நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் மட்டும் குழுவுக்கும் அவள் அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடு.

கிளார்க்கை ரொம்பவும் திட்டாதே. பெற்ற தாயே கையெழுத்துக்காக உச்ச நீதிமன்றம் ஏறிய நாடு இது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பேரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, அப்பா கையெழுத்து வேண்டுமென்று ரிசர்வ் வங்கி திருப்பி அனுப்பியது. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது 1999-இல்தான். ஜெர்மானியர்கள் தங்கள் சிவில் சட்டத்தின் 1688-ஆவது பிரிவில், அன்றாட விஷயங்களை வளர்ப்பவரே முடிவு செய்யலாம் என்று நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லாததால்தான் ஒவ்வொரு கவுண்டரிலும் நீ விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறாய்.

உனக்கு உரிமை இல்லாத இடங்களும் உண்டு. பேரை மாற்றாதே. உன் மாமியார் விரதம், பூஜை என்று பாப்பாவை இழுத்தால் தடுத்து நிறுத்து. அவள் பிறந்த மதம் அவளோடு இருக்கட்டும். அவள் பேரில் இருக்கிற அந்தக் காணி நிலத்தின் பக்கமே போகாதே. இந்துக்களுக்கான 1956-ஆம் வருடப் பாதுகாவலர் சட்டப்படி, இயற்கைப் பாதுகாவலரே கோர்ட் அனுமதி இல்லாமல் மைனரின் நிலத்தை விற்க முடியாது.

பேன் தொல்லைக்கு முடியைக் கத்தரிக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. ஆனால் காதுகுத்து வேறு விஷயம். அவளுக்குத் தாய்மாமன் இருக்கிறான், அவன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும் என்று அந்தத் தாய் ஆசை வைத்திருப்பாள். இதற்கு எந்தப் பிரிவும் கிடையாது, இருந்தாலும் அவளைக் கேட்காமல் செய்யாதே. குழு தடை சொல்லாதவரை அந்தத் தாய் வந்து பாப்பாவைப் பார்க்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. வந்தால் சாப்பாடு போட்டு அனுப்பு.

முக்கியமான இன்னொன்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாப்பா போட்டோவைப் பார்த்தேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் எடுத்துவிடு. இப்படிப் பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் பேர், படம், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 74-ஆவது பிரிவு. ஆறு மாதம் ஜெயில், இரண்டு லட்சம் அபராதம் வரை போகும். நானும் அதனால்தான் இதில் அவள் பேரை எழுதவில்லை.

பாப்பாவை வளர்க்க மாதாமாதம் வருகிற 4,000 ரூபாயைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசுகிற பேச்சுக்குப் பதில் சொல்லாதே. செலவை மட்டும் நோட்டில் எழுதி வை.

ஆணையை நாலைந்து ஜெராக்ஸ் எடு. ஒன்றைத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்கிக்கொள். அப்புறம் அந்தப் படிவத்தில் நீயே கையெழுத்துப் போடு. மறுபடியும் மறுத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எழுது, நகலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா