தெருமுனையில் ஒரு விளக்கு

வழி கேட்பது ஒரு காலத்தில் உறவின் தொடக்கமாக இருந்தது. இன்று கைப்பேசியே வழி சொல்லிவிடுகிறது. அதைக் குறை கூறுவதற்கில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தை அது கண்டுகொள்கிறது. தமிழகத்தில் 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையில், அறியாத ஊருக்கு நள்ளிரவில் விரையும் ஓட்டுநருக்கு இந்த ஜி.பி.எஸ். பெருந்துணை.

ஆயினும் இடத்தை அறிவது வேறு. வழியை அறிவது வேறு. செயற்கைக்கோள் காட்டுவது ஒரு புள்ளியை. வழியை வகுப்பதோ யாரோ பதிந்துவைத்த வரைபடம். திருவிழாப் பந்தல் அடைத்த தெருவையும், வண்டி நுழையாத சந்தையும் அது எப்போதும் அறிந்திருப்பதில்லை.

நோயிற்பூசுதலுக்காக இரவில் அழைக்கப்படும்போதெல்லாம் நாம் கற்ற பாடமும் இதுவே. நம் பங்கின் சிற்றூர்களில் வீடுகளுக்கு எண் உண்டு. எண்ணைக் கொண்டு எவரும் வீட்டை அறிவதில்லை. புளியமரத்தருகே திரும்பி, கிணற்றைத் தாண்டி, மூன்றாவது வீடு என்பதே முகவரி.

ஒரு மழைக்காலத்தில், பாம்பு கடித்த இளைஞர் ஒருவரை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் வந்தது. கைப்பேசி காட்டிய குறுக்குவழியில் தரைப்பாலம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. முதியவர் ஒருவர் டார்ச் விளக்குடன் சாலைப் பிரிவில் நின்று, ஏரிக்கரை வழியே வண்டியைத் திருப்பிவிட்டார். சுற்றுவழிதான், ஆனால் இளைஞர் பிழைத்தார். "ஊர் எல்லை வரைக்கும் போன் கொண்டாந்து விட்டுடும், சாமி, அதுக்கு மேலே ஆள்தான் வேணும்" என்றார் ஓட்டுநர் பின்னர் நம்மிடம்.

இவ்வறிவைப் பட்டிக்காட்டுப் பழக்கமென்று ஒதுக்கலாகாது. மாநகரான லண்டனிலேயே கறுப்பு டாக்சி ஓட்ட முழு உரிமம் பெறுவோர், சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் தொலைவுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை நினைவில் பதிக்க வேண்டும். 1865-இல் ஏற்பட்ட அத்தேர்வு ஜி.பி.எஸ். வந்த பின்னும் நீடிக்கிறது.

கருவியை விலக்கவும் வேண்டாம். அனைத்தையும் அதனிடம் ஒப்படைக்கவும் வேண்டாம். 108-ஐ அழைக்கும்போது கோயில், பள்ளி, ரேஷன் கடை என அருகிலுள்ள ஓர் அடையாளத்தையும் சொல்வோம். பிறகு ஒருவர் விளக்குடன் தெருமுனைக்குச் செல்லட்டும். வீட்டார் நோயாளியைத் தாங்கிக்கொண்டிருக்கும் வேளையில், அந்த ஒருவர் பெரும்பாலும் அண்டைவீட்டாராகத்தான் இருக்க முடியும்.