பூட்டாத கேற்



சென்ற வாரம் எங்கள் வளவு நாய் என் மாணவன் ஒருவனைக் கடித்துவிட்டது. கேற்றைப் பூட்டாமல் விட்டது நான்தான். காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டோம். "பரவால்ல சேர், நாய்க்கென்ன தெரியும்" என்றார் அவனுடைய உம்மா.

உண்மைதான், தெரிந்திருக்க வேண்டியது எனக்கு. பிரித்தானியாவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் பிட்புல் போன்ற சில இனங்களைத் தடைசெய்தது. ஆனால் எந்த இன நாயானாலும் ஆபத்தாகக் கட்டுமீறினால் உரிமையாளரே அங்கு குற்றவாளி. எமது தண்டனைச் சட்டக்கோவையும் நாயின் இனத்தைக் கேட்பதில்லை. விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறியவரின் கவனயீனத்தைத்தான் கேட்கிறது.

தடுப்பூசி போட்டிருந்தேன். அது மட்டும் போதாது. "எங்கட நாய் கடிக்காது" என்று நானும் சொன்னவன்தான். அந்தப் பிள்ளை இப்போது எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை, சுற்றிப் போகிறான்.

நாய் வளர்ப்பவர்களே, இன்றிரவு கேற்றை ஒருதரம் பாருங்கள்.