முதலில் எண்ண வேண்டியது

நேற்று இஷாவுக்குப் பிறகு எங்கள் கழகக் கூட்டம். இன்னும் இரண்டு போட்டி வென்றால் மேல் பிரிவு. வெளியூரிலிருந்து எடுக்க வேண்டிய வீரர்களின் பட்டியலை என்னை எழுதச் சொன்னார்கள். ஒன்பது பெயர் எழுதினேன். அதில் ஒருவர் இடது பின்கள வீரர். இப்போது அந்த இடத்தில் விளையாடுபவன் என்னிடம் படித்த பிள்ளை. பகலில் கடையில் வேலை, மாலையில் மைதானம்.

பேனா நின்றது. இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் ஞாபகம் வந்தது. 2018இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியதும் 10 கோடி பவுணுக்கு மேல் கொட்டிப் புதியவர்களை எடுத்தார்கள். அடுத்த வருடமே இறங்கினார்கள். 2022இல் ஏறிய நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டோ 20 பேருக்கு மேல் எடுத்தும் 16ஆம் இடத்தில் தப்பியது. இரவலாக வந்து ஏற்றிவிட்டவர்கள் பலர் போய்விட்டதால் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது.

எங்களுக்கு? கட்டாருக்குப் போகப்போவது இரண்டு பேர். வெற்றிடமும் இரண்டுதான்.

பட்டியலைக் கிழித்துவிட்டு இரண்டு இடங்களை மட்டும் எழுதிக் கொடுத்தேன். சிலருக்குக் கோபம். பரவாயில்லை. ஏற்றிவிட்ட பிள்ளைகளை வாங்கில் உட்கார வைத்துவிட்டு யாருக்காக மேலே போகிறோம்?

நீங்களும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மைதானத்தில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.